பலகைக்கு ஓர் இரும்பு, விளிம்புக்கு ஓர் இரும்பு

நிலம் சமமாக இல்லாவிடில் நீர் சமமாக நில்லாது என்பதை உழவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஏக்கர் பரப்பில் 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க வேண்டுமானால் 40,000 லிட்டருக்குச் சற்று மேல் தேவை. வயலின் ஒரு மூலை மேடாக இருப்பதால், அந்த மேட்டை நனைக்கும்பொருட்டு மற்ற இடங்களிலெல்லாம் 3 சென்டிமீட்டர் நீரைக் கூடுதலாகக் கட்டும் உழவர், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,20,000 லிட்டர் நீரை அதிகப்படியாகச் செலவிடுகிறார். மாடு பூட்டிப் பரம்படித்த காலத்தில் இந்த மேடுபள்ளம் ஆண்டுதோறும் சிறுகச் சிறுகத் திருத்தப்பட்டு வந்தது. இன்று உழவு டிராக்டரிடம் போய்விட்டது. ஆகவே மண்ணை வழித்துச் சமன் செய்யும் வேலையும், டிராக்டரின் பின்னால் மாட்டும் பிளேடிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

டிராக்டரை வாடகைக்கு விடும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இன்று பல உள்ளன. அவற்றுள் சில, கம்பெனிப் பிளேடு வாங்குவதற்குப் பதிலாக உள்ளூர்ப் பட்டறையிலேயே ஒன்றைச் செய்துகொள்ளத் தீர்மானிக்கின்றன. இதை நாம் குறை கூறவில்லை. பணம் உள்ளூரில் தங்கும். பழுது பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. நம் மண்ணுக்கும் நம் டிராக்டருக்கும் ஏற்றபடி அளவை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் இத்தகைய சங்கங்களின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், “நல்ல கனமான இரும்பில் பிளேடு ஒன்று செய்துகொள்வது” என்ற ஒரே வரியைத்தான் காண்கிறோம். எந்த ரகம், எவ்வளவு கனம், எந்தப் பாகத்துக்கு எது என்ற விவரம் இல்லை. நெல் கொள்முதல் செய்யும்போது “நல்ல நெல்” என்று மட்டும் எழுதிப் பணம் கொடுக்க எந்தச் சங்கமும் துணியாது. இரும்புக்கு மட்டும் அந்தத் துணிவு எங்கிருந்து வருகிறது?

பிளேடு என்பது பார்வைக்கு ஒரே தகடு. செய்வதோ இரண்டு வேலை. மேலே உள்ள வளைந்த பலகை மண்ணைத் தாங்கிப் புரட்டித் தள்ளுகிறது. கீழே உள்ள விளிம்பு மண்ணை வெட்டித் தேய்கிறது. முதல் வேலைக்கு வேண்டியது வளைந்துகொடாத விறைப்பு. இரண்டாவது வேலைக்கு வேண்டியது தேய்மானத்தைத் தாங்கும் கடினம். இவ்விரு குணங்களையும் ஒரே தகட்டில் விலைக்கு வாங்க முயல்வதுதான் செலவுக்கும் முறிவுக்கும் மூலகாரணம் என்பது நம் அபிப்பிராயம்.

இது புதிய கொள்கையன்று. நம் நாட்டுக் கலப்பை மரத்தால் ஆனது; மண்ணைக் கீறும் கொழு மட்டும் இரும்பால் ஆனது. கொழு தேய்ந்தால் கொல்லனிடம் கொடுத்து அடித்து வாங்கினார்களேயன்றிக் கலப்பையை எறியவில்லை. நெசவாளராகிய அங்கத்தினர்களுக்கும் இது தெரிந்ததே. தறியில் ஓடும் நாடா மரத்தாலானது. அடிபடும் இரு முனைகளில் மட்டும் உலோகக் கூர் பொருத்தப்பட்டிருக்கிறது. நாடா முழுவதையும் இரும்பில் வார்த்துத் தரும்படி எந்த நெசவாளரும் கேட்பதில்லை. பிளேடு செய்யும்போது மட்டும் நாம் இந்த அறிவை மறந்துவிடுகிறோம்.

முதலில் பலகையை எடுத்துக்கொள்வோம். “தகடு தடித்தால் பிளேடு வளையாது, உயர்ந்த ரகமாக இருந்தால் இன்னும் வளையாது” என்ற பேச்சு சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. இதில் பாதி உண்மை, பாதி மயக்கம். எஃகு எந்த ரகமானாலும் அதன் இயல்பான விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஒரே அளவும் ஒரே வடிவும் உள்ள இரு தகடுகளின்மீது ஒரே பாரத்தை ஏற்றினால், மலிவான ரகமும் விலையுயர்ந்த ரகமும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வளையும். உயர்ந்த ரகம் இன்னும் அதிகப் பாரத்தின்கீழும் வளைந்து திரும்பும்; தாழ்ந்த ரகம் அதற்கு முன்பே வளைந்தபடி நின்றுவிடும். வேறுபாடு அவ்வளவே. ஆகவே விறைப்பு வேண்டுமானால் அதை ரகத்தில் தேடக் கூடாது. கனத்திலும் வடிவத்திலும் தேட வேண்டும்.

கனத்தை இரட்டித்தால் தட்டையான தகட்டின் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது உண்மை. ஆனால் எடையும் விலையும் இரு மடங்காகின்றன. அதே தகட்டை வில்போல் வளைத்து, முதுகில் நெடுக ஒரு கோண இரும்பையோ சதுரக் குழாயையோ வைத்துப் பற்றவைத்தால், மிகக் குறைந்த எடையில் அந்த விறைப்பைப் பெறலாம். பனையோலை விரித்தால் துவளும், மடித்தால் நிமிர்ந்து நிற்கும் என்பதைச் சிறுவர்களும் அறிவர். 35 முதல் 45 குதிரைத்திறன் உள்ள டிராக்டருக்கு 6 அடி நீளமும் 18 அங்குல உயரமும் உள்ள பலகை போதும். அதைச் சாதாரணக் கட்டுமான எஃகில், 8 மில்லிமீட்டர் கனத்தில், முதுகெலும்போடு செய்வது தக்கது என்று கருதுகிறோம். சாதாரணக் கட்டுமான எஃகு என்பது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2062-இன் கீழ் இ 250 என்று குறிக்கப்படுவது. சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் வரை இழுத்தாலும் அது நிரந்தரமாக நீளாது என்பதே அந்த எண்ணின் பொருள். இதில் கார்பன் குறைவு. ஆதலால் எந்தப் பட்டறையிலும் வளைக்கலாம், வெட்டலாம், பற்றவைக்கலாம்.

எடைக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் எஃகுத் தகடு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ எடை உள்ளது. மேற்சொன்ன பலகை 8 மில்லிமீட்டரில் சுமார் 52 கிலோ. 16 மில்லிமீட்டரில் சுமார் 105 கிலோ. இந்த 105 கிலோவையும் கடின எஃகில் வாங்கினோமானால், மண்ணை வெட்டும் கீழ்ப்புற 6 அங்குலத்துக்குரிய 35 கிலோ போக, மீதி 70 கிலோவின் கடினம் நமக்கு ஒரு பயனும் தராது. இலேசான பிளேடு இறுகிய மண்ணில் கீழே இறங்காமல் மேலாக வழுக்கிப் போகும் என்பார் கூற்றில் நியாயம் உண்டு. அதற்குப் பரிகாரம் பிளேடின்மேல் ஒரு பெட்டி அமைத்துக் கல்லோ மணல் மூட்டையோ வைப்பது. கல் கிராமத்திலேயே கிடைக்கிறது. கடின எஃகு அவ்வாறு கிடைப்பதன்று.

இனி விளிம்பு. மண்ணில் உள்ள மணல், குவார்ட்சு என்னும் கல்லின் துகள். பட்டறையில் கிடைக்கும் எந்த எஃகையும்விட அது கடினமானது. ஆகவே தேயாத விளிம்பு என்று ஒன்று இல்லை. மெல்லத் தேயும் விளிம்பே உண்டு. கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில், சாதாரண எஃகு 120 முதல் 150 வரை நிற்கும். லாரி ஸ்பிரிங் பட்டையும், தேய்மானத் தகடு என்ற பெயரில் விற்கப்படும் பதமேற்றிய தகடும் 400-ஐ ஒட்டி நிற்கும். செம்மண், சரளை, ஆற்றுமணல் கலந்த நிலங்களில் இவ்வேறுபாடு ஒரு பருவத்திலேயே கண்ணுக்குத் தெரியும். கல்லும் சரளையும் இல்லாத வண்டல் நிலத்தில், முன்பே உழுது பொலபொலப்பாக்கிய மண்ணை மட்டும் தள்ளுவதாயின், சாதாரண எஃகு விளிம்பே போதும். அது தேய்ந்தபின் மாற்றுவது கடின எஃகு வாங்குவதைவிட மலிவாகவும் இருக்கலாம். தன் எல்லைக்குள் எந்த மண் அதிகம் என்பதைச் சங்கம் முதலில் கேட்டறிய வேண்டும்.

இங்கேதான் பழைய இரும்பின் கவர்ச்சி குறுக்கிடுகிறது. லாரி ஸ்பிரிங் பட்டை பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அதில் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கார்பன் உண்டு. விளிம்புக்கு ஏற்ற பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைப் பலகையோடு நேரே பற்றவைப்பதை நாம் வன்மையாக மறுக்கிறோம். பற்றவைக்கும்போது உருகும் இடத்தை அடுத்துள்ள பகுதி செந்தழலாகச் சூடேறுகிறது. சுற்றிலும் உள்ள குளிர்ந்த இரும்பு அச்சூட்டை நொடியில் உறிஞ்சிவிடுகிறது. கார்பன் மிகுந்த எஃகு இவ்வாறு திடீரெனக் குளிர்ந்தால் அந்த இடம் கண்ணாடிபோல் கடினமாகி நொறுங்கும் தன்மையை அடைகிறது. அதற்குச் சற்றுத் தள்ளிய பகுதியோ, சூடு பட்டுப் பதம் இழந்து மென்மையாகிறது. பற்றவைத்த வரி வெளியே அழகாக இருக்கும்; உள்ளே மயிரிழை போன்ற வெடிப்பு காத்திருக்கும்.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் நிகழ்ந்தது இதுதான். ஸ்பிரிங் பட்டைகள் இரண்டை வரிசையாகப் பற்றவைத்துப் பிளேடு செய்தார்கள். மூன்றாம் நாள் மண்ணுக்குள் மறைந்திருந்த வேம்பின் அடிக்கட்டையில் மோதி ஒரு பட்டை பற்றவைத்த வரியோடு முறிந்தது. மீண்டும் பற்றவைத்தார்கள், மீண்டும் முறிந்தது. அந்தக் கோடையில் பிளேடு வயலில் இருந்த நாள்களைவிடப் பட்டறையில் கிடந்த நாள்களே அதிகம். வாடகைப் பதிவேட்டைப் பார்த்தோம். முதல் இரு நாள்களில் பிளேடைப் பெற்றவர்கள் பெரிய நிலக்காரர்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்தவர்கள் பின்வரிசையில் காத்திருந்தார்கள். கால்வாயில் நீர் வந்துவிட்டது. அவர்கள் சமன் செய்யாத நிலத்திலேயே சேறு கட்டி நட்டார்கள். சங்கத்துக்கு நேர்ந்த நஷ்டம் கணக்கில் ஏறியது. அவர்களுக்கு நேர்ந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

பட்டறைக்காரரைக் குறை சொல்வது நியாயமன்று. அவருக்கு நாம் எழுதிக் கொடுத்தது ஒரே வரி. கார்பன் மிகுந்த எஃகைப் பற்றவைக்க முறை இல்லாமல் இல்லை. முன்கூட்டியே 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சீராகச் சூடேற்றி, 7018 என்னும் எண்ணுள்ள குறைந்த ஹைட்ரஜன் ராடை நன்றாக உலர்த்திப் பயன்படுத்தி, முடிந்தபின் சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். பருவ நெருக்கடியில், வாசலில் நான்கு டிராக்டர்கள் காத்து நிற்கும்போது, இதையெல்லாம் எந்தப் பட்டறையில் எதிர்பார்ப்பது? செய்ய இயலாத முறையை எழுதிவைப்பதைவிட, பிழைக்கு இடமில்லாத முறையைத் தேர்ந்துகொள்வது மேல்.

அந்த முறை, விளிம்பைப் போல்ட் போட்டு மாட்டுவது. பலகையின் கீழ்ப்பகுதியில் வரிசையாகத் துளையிட்டு, தலை உள்ளே பதியும் போல்ட்டுகளால் விளிம்புப் பட்டையை இறுக்க வேண்டும். தலை வெளியே துருத்தினால் மண் அதை விரைவில் தேய்த்துவிடும். போல்ட் 8.8 என்று முத்திரையிட்ட ரகமாக இருக்கட்டும். துளைகளைப் பட்டையின் அகலத்துக்குச் சரி நடுவில் அமைத்தால், ஒரு பக்கம் தேய்ந்தபின் பட்டையைத் தலைகீழாகத் திருப்பி மறுபக்கத்தையும் பயன்படுத்தலாம். ஒரு விலைக்கு இரு விளிம்பு கிடைக்கிறது. மாற்றுவதற்கு ஒரு ஸ்பானரும் அரை நாளும் போதும். பட்டறைக்குப் போக வேண்டியதில்லை.

பட்டைக்கு எதை வாங்குவது? சாலை போடும் கிரேடர் இயந்திரங்களுக்கென்றே துளையிட்டுத் தயாராக விற்கப்படும் விளிம்புப் பட்டையை நாம் முதலிடத்தில் வைக்கிறோம். பொதுவாக 6 அல்லது 8 அங்குல அகலமும், 5/8 அல்லது 3/4 அங்குலக் கனமும் உள்ள அளவுகளில் அது கிடைக்கிறது. சாலை ஒப்பந்தக்காரர்கள் பாதி தேய்ந்ததும் கழித்துவிடும் பட்டைகூட நம் டிராக்டருக்குப் பல பருவம் உழைக்கும். ரசீதுடன் கிடைக்குமானால் வாங்கலாம். இரண்டாவது, 400 பிரினெல் தேய்மானத் தகடு. இதன் கடினம் வெப்பப் பதத்தால் வந்தது. 250 டிகிரிக்கு மேல் சூடேறினால் பதம் இறங்கிவிடும். ஆதலால் இதையும் போல்ட்டிலேயே மாட்ட வேண்டும். துளைகளைத் தகடு விற்பவரிடமே போட்டு வாங்குவது நலம். மூன்றாவது, ஸ்பிரிங் பட்டை. துளை வேண்டிய இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டால் துளைக்கருவி இறங்கும். ஆனால் பட்டை இயல்பிலேயே வளைவு கொண்டது. அதைக் குளிர்ந்த நிலையில் அடித்து நிமிர்த்தக் கூடாது. முறிந்து தெறித்தால் ஆளுக்கே ஆபத்து. காய்ச்சி நிமிர்த்தினால் பதம் போகும். மீண்டும் எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றத் தெரிந்த கொல்லர் வேண்டும். இந்த வேலைகளின் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு என்ற சொல் அத்தனை உறுதியாக நிற்பதில்லை.

தண்டவாளத் துண்டைப் பற்றியும் ஒரு சொல். அது விளிம்புக்கு நல்லது என்று சிலர் எங்கிருந்தோ கொண்டுவந்து தருவதுண்டு. முறையான ஏல ரசீது இன்றி ரயில்வே இரும்பை வைத்திருப்பது, ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966-இன்படி குற்றமாகலாம். சங்கத்தின் பெயரால் அத்தகைய பொருளைப் பெறுவது தலைவரையும் காரியதரிசியையும் வழக்கில் நிறுத்தும் செயல். வேண்டவே வேண்டாம்.

கடினமான விளிம்பை மாட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். மண்ணுக்குள் கல்லோ கட்டையோ இருந்தால் மோதலின் விசை எங்கேனும் போய்த்தான் ஆக வேண்டும். விளிம்பும் முறியாமல், பலகையும் வளையாமல் இருந்தால், அது டிராக்டரின் மூன்று முனை இணைப்பில் போய் இறங்கும். அங்கே முறிந்தால் செலவு பன்மடங்கு. ஆகவே பிளேடின் கோணத்தைப் பூட்டும் இடத்தில் சாதாரண ரகப் போல்ட் ஒன்றை, முதலில் அறுந்து மற்றவற்றைக் காப்பதற்காகவே வைக்க வேண்டும். முறியவேண்டிய இடத்தையும் நாமே தேர்ந்து வைப்பது சிக்கனத்தின் ஒரு பகுதி.

வாங்கிய பொருள் கேட்ட பொருள்தானா என்று அறிய அங்கத்தினர்களுக்கும் வழி உண்டு. புதுத் தகடு வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையையும் ஆலையின் சோதனைச் சான்றிதழையும் கேட்க வேண்டும். சான்றிதழில் உள்ள உருக்கு எண்ணும் தகட்டில் அடித்துள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். பழைய இரும்பானால் சாணைக் கல்லில் பிடித்துப் பார்க்கலாம். கார்பன் குறைந்த எஃகின் பொறி நீண்டு நேராகப் பறந்து மங்கும். கார்பன் மிகுந்ததன் பொறி மத்தாப்பூப் போல் கிளைத்துச் சிதறும். அரம் வழுக்கிக்கொண்டு போனால் பதமேறிய எஃகு, கடித்தால் மென்மையானது. காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதால் மட்டும் ரகம் தெரியாது. மேற்சொன்ன வகைகள் எல்லாவற்றிலும் அது ஒட்டும்.

“ஒரு பிளேடுக்கு இத்தனை விவரமா?” என்று கேட்கப்படலாம். பிளேடு ஒருவருடைய சொந்தச் சொத்தாக இருந்தால் நாமும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். சொந்தப் பிளேடு முறிந்தால் உடையவர் தம் வயலை மட்டும் தாமதப்படுத்துகிறார். சங்கத்துப் பிளேடு முறிந்தாலோ வரிசையில் நிற்பவர் அனைவரும் தாமதப்படுகிறார்கள். வரிசையின் கடைசியில் நிற்பவர், வேறு பிளேடை அதிக வாடகைக்கு அழைக்க வழியில்லாதவர். காவிரிப் பாசனத்தில் வழக்கமான ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கப்படும் ஆண்டானாலும், கிணற்றை நம்பிய நாடானாலும், நிலம் சமன் செய்யும் நாள்கள் கோடையில் சிலவே. அந்த நாள்களில் ஓடாத கருவி, எவ்வளவு மலிவாகச் செய்யப்பட்டிருந்தாலும் மலிவானது அன்று.

ஆகவே பிளேடு செய்ய விரும்பும் சங்கங்களின் நிர்வாகத்தார் நான்கு காரியங்களைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, தீர்மானத்தோடு ஒரு பக்க விவரத் தாளையும் இணையுங்கள்: பலகை, முதுகெலும்பு, விளிம்பு, போல்ட் ஒவ்வொன்றுக்கும் ரகம், கனம், எடை தனித்தனியே இருக்கட்டும். பட்டறைகளிடம் விலைப்புள்ளி கேட்கும்போது அந்தத் தாளையே கொடுங்கள். இரண்டாவது, செய்யும்போதே ஒரு மாற்று விளிம்பையும் ஒரு தொகுதிப் போல்ட்டையும் வாங்கிக் கிடங்கில் வையுங்கள். மூன்றாவது, மணிக்கணக்கு வாடகையில் ஒரு சிறு பகுதியை விளிம்புத் தேய்மானத்துக்கென்று தனியே ஒதுக்குங்கள். நான்காவது, கடின எஃகைச் சிறு துண்டாகச் சில்லறையில் வாங்கினால் விலை கூடும். பக்கத்துச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே அளவில் பட்டை வாங்குங்கள். ஒரு சங்கத்தின் பட்டை தேய்ந்துபோனால் மற்றதன் பட்டை அதில் பொருந்தவும் செய்யும்.

அங்கத்தினர்களும் வாளாவிருத்தல் கூடாது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் பிளேடைப் பற்றிய செலவு வாசிக்கப்படும்போது, “விளிம்பு என்ன இரும்பு? போல்ட்டா, பற்றவைப்பா? மாற்று விளிம்பு கிடங்கில் உண்டா?” என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். காரியதரிசி விடை சொல்லும்வரை செலவை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டாம்.